மரவள்ளி மாவுப்பூச்சியும் பன்னாட்டு ஆராய்ச்சித் தொடர்பும்: நிதியுதவி கோரி விண்ணப்பிப்பது எப்படி?

தருமபுரி மாவட்டத்தில் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் பகுதிகளில் இறவையிலும் மானாவாரியிலும் மரவள்ளி பயிரிடப்படுகிறது. உழவர் பெருமக்கள் இதைக் குச்சிக்கிழங்கு என்பர். அறுவடையாகும் கிழங்கின் பெரும்பகுதி சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி, மாவு ஆலைகளுக்குச் செல்கிறது. எட்டு, பத்து மாதம் நிலத்தில் நிற்கும் இப்பயிரை, 2008ஆம் ஆண்டிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டு அயல்நாட்டு மாவுப்பூச்சிகள் தாக்கின. இரண்டுமே அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்டவை. இரண்டையும் கட்டுப்படுத்தும் ஒட்டுண்ணிக் குளவிகளும் அயல்நாட்டிலிருந்தே வந்தன. அவை இங்கு வந்து சேர்ந்ததற்கு விஞ்ஞானிகளிடையே இருந்த தொடர்பும், அத்தொடர்பைத் தாங்கிய நிதியும் காரணம்.

அந்த நிதி எப்படிப்பட்டது, அதை யார் கேட்கலாம், எப்படி எழுதிக் கேட்க வேண்டும், அதில் உழவருக்கு என்ன பங்கு என்பதை இக்கட்டுரையில் காண்போம். கிராமத்தில் இருக்கும் வேளாண் பட்டதாரிகள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனப் பொறுப்பாளர்கள், கல்லூரி ஆசிரியர்கள் ஆகியோர் இதைக் கவனத்துடன் படித்தல் நலம்.

இரண்டு பூச்சிகளை இனம் காணுதல்

முதலாவது பப்பாளி மாவுப்பூச்சி. 2008ஆம் ஆண்டு கோவையில் கண்டறியப்பட்டது. இதன் உடல் மஞ்சள் நிறம். மேலே வெள்ளை மாவு படிந்திருக்கும். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி, கொய்யா எனப் பல பயிர்களில் பரவும். நசுக்கினால் மஞ்சள் நிறச் சாறு வரும்.

இரண்டாவது மரவள்ளி மாவுப்பூச்சி. 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் கேரள மாநிலம் திருச்சூரில் முதன்முதலாகக் காணப்பட்டு, பிறகு தமிழ்நாட்டின் மரவள்ளி மாவட்டங்களுக்கும் பரவியது. இதன் உடல் இளஞ்சிவப்பு. இது குருத்தையும் நுனியையும் நாடும். தாக்கப்பட்ட செடியில் கணுவிடை குறுகி, நுனி இலைகள் சுருங்கிக் கொத்தாகத் திரண்டு நிற்கும், தண்டு கோணலாகும். இவ்வினத்தில் ஆண் பூச்சி தேவையில்லை. ஒரே ஒரு பெண் பூச்சி ஒட்டிய விதைக்குச்சி ஒரு புதிய வயலுக்குப் போனால் போதும், அங்கே ஒரு கூட்டம் உருவாகிவிடும்.

இரண்டையும் 'மாவுப்பூச்சி' என்ற ஒரே பெயரால் அழைத்து ஒரே மருந்தைத் தெளிப்பது பலரது வழக்கம். இனம் மாறினால் அதன் எதிரியும் மாறும் என்பதை ஆப்பிரிக்க நாடுகள் பெரும் விலை கொடுத்துக் கற்றன.

ஆப்பிரிக்கா கற்ற பாடம்

மரவள்ளி மாவுப்பூச்சி 1970களின் தொடக்கத்தில் காங்கோ ஆற்றுப் பகுதியில் தோன்றி, ஆப்பிரிக்காவின் மரவள்ளி நாடுகள் எங்கும் பரவியது. அங்கே மரவள்ளி ஆலைப் பயிர் அல்ல. கோடிக்கணக்கான மக்களின் அன்றாட உணவு. கிழங்கோடு சேர்த்து இலையையும் கீரையாகச் சமைத்து உண்கின்றனர். எனவே பூச்சி வந்த இடங்களில் பசி வந்தது.

மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. ஆகவே பூச்சியின் தாயகமும் அதன் இயற்கை எதிரியும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் தேடினர். தென் அமெரிக்காவின் வடபகுதியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியின் மேல் வேலை செய்யவில்லை. நெருங்கிப் பார்த்தபோது அது வேறோர் இனம் என்று தெரிந்தது. அதில் ஆணும் பெண்ணும் உண்டு. உண்மையான மரவள்ளி மாவுப்பூச்சி 1981ஆம் ஆண்டு பராகுவே நாட்டில் கிடைத்தது. கண்டவர் கொலம்பியாவில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் மையத்தின் பூச்சியியல் வல்லுநர் பெல்லாட்டி.

அங்கே அப்பூச்சியை அடக்கி வைத்திருந்த சிறு குளவியின் பெயர் அனாகிரஸ் லோபெசி. அது இங்கிலாந்தில் தனிமைக் காப்பில் வைத்து ஆராயப்பட்டு, நைஜீரியாவின் இபாதான் நகரில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பப்பட்டது. 1981ஆம் ஆண்டிலேயே வயலில் விடப்பட்டது. பிறகு இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் அது நிலைபெற்றது. இப்பணிக்குத் தலைமை தாங்கிய சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஹான்ஸ் ஹெரன் 1995ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசு பெற்றார்.

இதில் எத்தனை நாடுகள் சேர்ந்தன என்று எண்ணிப் பாருங்கள். பூச்சி காங்கோவில், கண்டுபிடித்தவர் கொலம்பியாவிலிருந்து, குளவி பராகுவேயில், தனிமைக் காப்பு இங்கிலாந்தில், பெருக்கம் நைஜீரியாவில், பணம் பல நாடுகளிலிருந்து. எந்த ஒரு நாடும் தனியாக இதைச் செய்திருக்க முடியாது.

தொடர்பு இருந்தால் காலம் மிச்சம்

தாய்லாந்தில் இதே பூச்சி 2008ஆம் ஆண்டு காணப்பட்டது. மறு ஆண்டே மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலுள்ள மேற்படி நிலையத்தின் கிளையிலிருந்து 500 குளவிகள் வந்தன. அவற்றைப் பெருக்கி நாடெங்கும் விட்டனர்.

நம் நாட்டில் 2008ஆம் ஆண்டு பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகமும் ஏற்கெனவே ஓர் ஒருங்கிணைந்த பயிர்ப் பாதுகாப்புக் கூட்டாராய்ச்சித் திட்டத்தில் இணைந்திருந்தன. அத்திட்டத்தின் இயக்குநர் முனியப்பன், பசிபிக் தீவுகளில் இதே பூச்சியையும் அதன் ஒட்டுண்ணிகளையும் முன்பே ஆராய்ந்தவர். இன்று தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் என்று வழங்கப்படும் பெங்களூர் நிறுவனம், 2010ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிகளை வரவழைத்தது. அவற்றுள் அசிரோஃபேகஸ் பப்பாயே என்னும் குளவி நன்கு நிலைபெற்றது. அதே ஆண்டு அக்டோபரில் கோவையில் வயலில் விடப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் இதனால் கிடைக்கும் பயன் 52 கோடி டாலரிலிருந்து 134 கோடி டாலர் வரை என்று வர்ஜீனியா டெக் பொருளியல் ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் மதிப்பிட்டனர்.

மரவள்ளி மாவுப்பூச்சிக்கு, அதே பெங்களூர் நிறுவனம் 2021ஆம் ஆண்டு பெனினிலிருந்து அனாகிரஸ் லோபெசி குளவியை வரவழைத்து, தனிமைக் காப்பில் சோதித்து, பெருக்கியது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதல் வெளியீடு நடந்தது.

பூச்சி கண்டதிலிருந்து குளவி பறந்தது வரை கணக்கிட்டால், இரண்டு முறையும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். மரவள்ளியின் காலத்தில் சொன்னால் இரண்டு வெள்ளாமை. இறக்குமதி அனுமதி, பாதுகாப்புச் சோதனை, பெருக்கம் ஆகிய படிகளைத் தாண்ட முடியாது, தாண்டவும் கூடாது. ஆனால் யாரை அணுகுவது, எந்த இனம் இது, எந்தப் படிவம், எந்த ஆய்வகம் என்று தேடும் காலத்தைக் குறைக்கலாம். அடுத்த பூச்சி வரும் முன்பே தொடர்பு இருந்தால்தான் அது முடியும். அந்தத் தொடர்புக்கு நிதி கேட்பதே இக்கட்டுரையின் பொருள்.

இணைப்பு நிதி என்றால் என்ன?

மானியம் என்றவுடன் சொட்டுநீர் மானியமும் உழவுக்கருவி மானியமும் நினைவுக்கு வரும். இது அதுவன்று. ஆராய்ச்சி நிதியுதவியை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஒன்று, ஆய்வு நிதி. ஒரு கேள்விக்கு விடை காணச் சோதனை நடத்துவதற்கு.

இரண்டு, கட்டமைப்பு நிதி. ஆய்வகம், கருவி, கண்ணாடி இல்லம் முதலியவற்றுக்கு.

மூன்று, இணைப்பு நிதி. ஏற்கெனவே தனித்தனியாக இயங்கும் ஆராய்ச்சிக் குழுக்களை ஒன்றோடொன்று கோப்பதற்கு. இதில் கருவி வாங்க இயலாது. ஒருவர் நிலையத்துக்கு மற்றவர் சென்று வருதல், இளம் விஞ்ஞானிகளுக்குப் பயிற்சி, எல்லோரும் ஒரே முறையில் வயல் கணக்கெடுத்தல், கணக்குகளை ஓரிடத்தில் சேர்த்தல், அனுமதிப் படிவங்களை முன்கூட்டியே ஆயத்தம் செய்தல் ஆகியவற்றுக்கே பணம் தரப்படும்.

இம்மூன்றாம் வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு, அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 2019ஆம் ஆண்டு முதன்முறையாக நிதி வழங்கிய 'ஆக்செல்நெட்' திட்டம். தனி ஆராய்ச்சியாளர்களை விட்டுவிட்டு, வலையமைப்போடு வலையமைப்பை இணைப்பதையே அது நோக்கமாகக் கொண்டது. நமக்கு அருகிலும் ஒரு வழி இருக்கிறது. 2008ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்ட ஆசியான்–இந்தியா அறிவியல் தொழில்நுட்ப வளர்ச்சி நிதியம், நம் நாட்டு விஞ்ஞானிகளும் தென்கிழக்கு ஆசிய விஞ்ஞானிகளும் சேர்ந்து செய்யும் பணிகளுக்கானது. தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா, லாவோஸ் ஆகிய மரவள்ளி நாடுகள் ஆசியானில் இருக்கின்றன. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, கல்வி அமைச்சகம் ஆகியவற்றின் கூட்டாராய்ச்சி அறிவிப்புகளையும் கவனித்து வருதல் வேண்டும். அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருந்து, வந்த பிறகு எழுதத் தொடங்கினால் காலம் போதாது.

நாம் கொடுக்கவும் வேண்டும்

தொடர்பு என்பது ஒருவழிப் பாதையன்று. மரவள்ளித் தேமல் நோயை உண்டாக்கும் நச்சுயிரிகளில் இந்திய வகை, இலங்கை வகை இரண்டும் தென்னிந்தியாவுக்குப் பழையவை. இலங்கை வகை நச்சுயிரி 2015ஆம் ஆண்டு கம்போடியாவில் கண்டறியப்பட்டு, சில ஆண்டுகளில் வியட்நாம், தாய்லாந்து நாடுகளுக்கும் பரவியது. பல்லாண்டுகளாக நாம் பார்த்துவரும் நோய் அவர்களுக்குப் புதியது. திருவனந்தபுரத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் தேமலைத் தாங்கும் இரகங்களை வெளியிட்டிருக்கிறது. அவற்றுள் ஸ்ரீ பத்மநாபா, நைஜீரிய நிலையத்திலிருந்து பெறப்பட்ட வகையிலிருந்து தேர்ந்தது. ஆப்பிரிக்காவிடம் வாங்கியதன் பயனை நாம் கிழக்கு ஆசியாவுக்குச் சொல்ல முடியும். விண்ணப்பத்தில் 'எங்களுக்கு வேண்டும்' என்று மட்டும் எழுதுபவரைவிட, 'எங்களிடம் இது இருக்கிறது' என்று எழுதுபவருக்கு மதிப்பு அதிகம்.

யார் விண்ணப்பிக்கலாம்?

பெரும்பாலும் பல்கலைக்கழகம், ஆராய்ச்சி நிலையம், கல்லூரி ஆகியவையே முதன்மை விண்ணப்பதாரராக இருக்க இயலும். தனி உழவரோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ பங்குதாரராகச் சேரலாம். பாப்பாரப்பட்டியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம் நம் மாவட்ட உழவருக்கு வாயிற்படி. உங்கள் கேள்வியை அங்கே எழுத்தில் கொடுங்கள். 'பூச்சி தொல்லை' என்று எழுதாமல், எந்த ஊர், எந்த இரகம், இறவையா மானாவாரியா, எந்த மாதம், நூறு செடிக்கு எத்தனை செடியில் நுனி சுருண்டது என்று எழுதுங்கள். அப்படிப்பட்ட ஒரு தாளின் மேல்தான் நல்ல விண்ணப்பம் எழும்.

விண்ணப்பம் எழுதும் முறை

1. கேள்வியைச் சுருக்குக. ஆப்பிரிக்காவில் அனாகிரஸ் குளவி பெரும்பாலான இடங்களில் வெற்றி பெற்றாலும், சத்துக் குறைந்த மணல் நிலங்களில் பயன் குறைந்தது. அங்கே தொழுவுரமும் மூடாக்கும் இட்டபோது நிலைமை சீரானது. நம் மாவட்டத்தின் ஆழமற்ற செம்மண் மானாவாரி நிலங்களில் கோடையில் அக்குளவி நிலைக்குமா? மூடாக்கு இட்டால் உதவுமா? இது தருமபுரியின் கேள்வி. பெனினிலும் தாய்லாந்திலும் உள்ளவர்களுக்கும் இக்கேள்வியில் அக்கறை உண்டு. அப்படிப்பட்ட பொதுக் கேள்வியே இணைப்புக்கு அடிப்படை.

2. எந்த வலையமைப்புகளை இணைக்கிறீர்கள் என்று பெயர் சொல்லுக. நம் பக்கம் அகில இந்தியக் கிழங்குப் பயிர்கள் ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட்டைத் தலைமையிடமாகக் கொண்டு மரவள்ளி நச்சுயிரி நோய்களைக் கண்காணிக்கும் 'வேவ்' என்னும் அமைப்பு 2015ஆம் ஆண்டு தொடங்கியது. இவை தனித்தனியே செய்ய முடியாத எதை, சேர்ந்தால் செய்ய முடியும் என்பதை ஒரே பத்தியில் எழுதுக. விண்ணப்பத்தின் உயிர் இப்பத்தியே.

3. முதல் கடிதம் சிறிதாக இருக்கட்டும். அறிமுகமில்லாத அயல்நாட்டு விஞ்ஞானிக்கு நான்கு பக்கம் எழுதினால் படிக்கமாட்டார். நாம் யார், எங்கள் வயலில் என்ன கண்டோம், உங்களிடம் கேட்கும் ஒரு கேள்வி, நாங்கள் தரக்கூடிய ஒரு செய்தி: இவ்வளவே. தெளிவான ஒரு படம் இணைக்கலாம். கடைசித் தேதிக்குச் சில மாதங்கள் முன்பே இது தொடங்க வேண்டும்.

4. செய்யப்போவதை எண்ணிக்கையில் எழுதுக. 'உழவர் வாழ்வை உயர்த்துவோம்' என்ற வாக்கியத்தை எவரும் சோதிக்க முடியாது. 'பென்னாகரம், அரூர் வட்டங்களில் 40 வயல்களில், 14 நாளுக்கு ஒருமுறை, வயலுக்கு 50 செடிகளின் நுனியைப் பார்த்துக் கணக்கெடுப்போம். இதே முறையில் மற்ற இரண்டு நாடுகளிலும் எடுக்கப்படும்' என்பது சோதிக்கத்தக்கது. மதிப்பீட்டாளர் இத்தகைய வாக்கியத்தையே தேடுவார்.

5. யார் எதைச் செய்வார் என்று பட்டியல் இடுக. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு பொறுப்பாளர், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முடிவுத் தேதி. தலைமை விஞ்ஞானி மாறுதலாகிப் போனால் அடுத்தவர் யார் என்பதையும் எழுதுக. இளையவர் ஒருவர் பெயராவது இருத்தல் வேண்டும். மூத்தவர்களின் தொடர்பு அவர்கள் ஓய்வு பெறும்போது அறுந்துவிடுகிறது.

6. பயன் எப்படி வயலுக்குத் திரும்பும் என்று எழுதுக. ஆங்கிலக் கட்டுரை வெளியிடுவது விஞ்ஞானிக்குப் பயன். கணக்கெடுத்த 40 உழவருக்கும் அவரவர் வயல் முடிவைத் தமிழில் ஒரு தாளில் தருவதாகத் திட்டத்திலேயே எழுதிவிட்டால், பிறகு அது விட்டுப்போகாது.

7. அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் படிக்க. பக்க வரம்பு, எழுத்தளவு, நிறுவனத் தலைவரின் இசைவுக் கடிதம், கூட்டாளி நாட்டின் இசைவுக் கடிதம், கடைசி நாள், அந்நாள் எந்த நாட்டு நேரப்படி என்பவற்றை ஒரு தாளில் குறித்துச் சுவரில் ஒட்டுக. நல்ல கருத்துள்ள விண்ணப்பமும் ஒரு கடிதம் குறைந்தால் படிக்கப்படாமலே தள்ளப்படும்.

அனுமதிகள்

பணம் கிடைத்தும் அனுமதியின்றி நின்றுபோன திட்டங்கள் உண்டு. ஆகவே கீழ்க்கண்டவற்றை விண்ணப்பத்திலேயே குறிப்பிடுக.

உயிருள்ள பூச்சி, ஒட்டுண்ணி ஆகியவற்றை நாட்டுக்குள் கொண்டுவரப் பயிர்த் தனிமைக் காப்பு ஆணை 2003இன்படி அனுமதி வேண்டும். ஆராய்ச்சிக்கான அயல்நாட்டு விதை, செடிகள் டெல்லியிலுள்ள தேசியப் பயிர் மரபு வளப் பணியகத்தின் வழியாகவே வர வேண்டும். வெளிநாடு சென்று வருபவர் பையில் ஒரு விதைக்குச்சியைக் கூடக் கொண்டுவரக் கூடாது. ஒரு குச்சியில் ஒரு பெண் பூச்சி வந்தால் என்ன ஆகும் என்று மேலே கண்டோம்.

நம் உயிர்வளத்தை அயல்நாட்டுக்கு அனுப்புவது உயிரியல் பல்வகைமைச் சட்டம் 2002இன் கீழ் வரும். அதன் தேசிய ஆணையம் சென்னையில் இருக்கிறது. அரசின் வழிகாட்டு நெறிப்படி ஒப்புதல் பெற்ற கூட்டாராய்ச்சித் திட்டங்களுக்குச் சலுகை உண்டு. அச்சலுகையில் நம் திட்டம் அடங்குமா என்பதை முதலிலேயே கேட்டுத் தெளிவு பெறுக. உழவர் தலைமுறையாகப் பேணிய இரகம் எதுவும் ஆய்வில் சேர்ந்தால், பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001இன்படி அதை உழவர் இரகமாகப் பதிவு செய்ய வழி இருக்கிறது. வெளியே அனுப்பும் முன் பதிவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அறக்கட்டளையோ சங்கமோ நேரடியாக அயல்நாட்டுப் பணம் பெறுவதானால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010இன்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அப்படிப் பெற்ற பணத்தை வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவும் நூற்றுக்கு இருபதைத் தாண்டக் கூடாது. 'நாங்கள் வாங்கி உங்களுக்குப் பிரித்துத் தருகிறோம்' என்று யாராவது உழவர் குழுவிடம் சொன்னால், இச்சட்டத்தை நினைவில் கொண்டு எழுத்துமூலம் விளக்கம் கேளுங்கள்.

வரவு செலவுத் திட்டம்

இணைப்பு நிதியில் விமானச் செலவே பெரும்பகுதியை விழுங்கும் அபாயம் உண்டு. நூறு ரூபாயை எப்படிப் பிரிக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி தருகிறோம். நிலையங்களுக்குச் சென்று வர 30 ரூபாய். இளம் விஞ்ஞானிகள், களப் பணியாளர் பயிற்சிக்கு 20. வயல் கணக்கெடுக்கும் உழவருக்கு மதிப்பூதியம் 20. கணக்குகளைச் சேர்த்துப் பாதுகாக்க 15. தமிழிலும் கூட்டாளி நாட்டு மொழிகளிலும் கையேடு அச்சிட 10. அலுவலகச் செலவுக்கு 5. நிதி தருபவரின் விதிக்கேற்ப இது மாறும். ஆனால் உழவரின் பங்கு தனி வரியாக இருத்தல் அவசியம். 14 நாளுக்கு ஒருமுறை 50 செடியைப் பார்த்து எழுதுவது ஒரு வேலை. அதற்குக் கூலி இல்லையென்றால் மூன்றாம் மாதம் ஏடு வெறுமையாகிவிடும். சோதனைக்காக மருந்து தெளிக்காமல் விட்ட பகுதியில் மகசூல் குறைந்தால் ஈடு தருவதையும் இதிலேயே சேர்க்க வேண்டும். நிலத்தைக் கொடுக்கும் உழவர் இதை எழுத்தில் கேட்பது முறையானதே.

நிதி நின்றால்?

பப்பாளி மாவுப்பூச்சிக்குக் கைகொடுத்த வர்ஜீனியா டெக் திட்டம் 1993ஆம் ஆண்டு தொடங்கியது. அதற்குப் பணம் தந்தது அமெரிக்கப் பன்னாட்டு வளர்ச்சி முகமை. பல நாடுகளில் வேலை நடந்தது. அம்முகமை 2025ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதியோடு தன் வெளிநாட்டு உதவிப் பணியை முடித்துக்கொண்டது. இனி வரும் ஒரு பூச்சிக்கு அந்தக் கதவைத் தட்ட இயலாது.

இதிலிருந்து பெறும் பாடம் மூன்று. ஒரே ஒரு நாட்டின், ஒரே ஒரு நிதியத்தின் பணத்தில் தொடர்பை நிறுத்தி வைக்கக் கூடாது. கணக்குகளும் இனம் காட்டும் மாதிரிகளும் அயல்நாட்டில் மட்டும் இல்லாமல், நம் நிலையத்திலும் ஒரு படி இருக்க வேண்டும். நிதி முடிந்த மறுநாள் எந்த வேலை நிற்கும், எது நிற்காது என்பதை விண்ணப்பம் எழுதும்போதே பிரித்துக்கொள்ள வேண்டும். உழவர் தம் வயலில் செய்யும் கணக்கெடுப்பு, ஏடும் பழக்கமும் இருந்தால், குறைந்த செலவில் தொடரக்கூடியது. அதைத் திட்டத்தின் அடித்தளமாக வைத்தால் மற்றவை போனாலும் அது மிஞ்சும்.

உழவர் பெருமக்கள் இப்பருவத்தில் செய்ய வேண்டியவை

1. விதைக்குச்சியைப் பூச்சி இல்லாத வயலிலிருந்து மட்டும் எடுங்கள். வெளியூர்க் குச்சியானால் கணுக்களில் வெள்ளை மாவு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

2. கோடையில் வாரம் ஒருமுறை வயலின் நான்கு மூலையிலும் நடுவிலும் பத்துப் பத்துச் செடிகளின் நுனியைப் பாருங்கள். சுருண்ட நுனிகளை எண்ணி, தேதியுடன் எழுதுங்கள். பள்ளி நோட்டு போதும்.

3. மாவுப்பூச்சிகளிடையே பழுப்பு நிறத்தில் உப்பிக் காய்ந்த உடல்களைப் பாருங்கள். சிறு துளையுடன் காணப்பட்டால் குளவி அதிலிருந்து வெளிவந்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட வயலில் பூச்சிக்கொல்லி தெளிக்காதீர்கள். தெளித்தால் முதலில் மடிவது குளவியே.

4. செடியில் எறும்புகள் ஏறி இறங்கினால் அடியில் மாவுப்பூச்சி இருக்கலாம். எறும்புகள் குளவியை விரட்டும்.

5. மானாவாரி நிலத்தில் தொழுவுரமும், கிடைக்கும் சருகில் மூடாக்கும் இடுங்கள். இட்ட பகுதியையும் இடாத பகுதியையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

6. இதுவரை காணாத பூச்சி தெரிந்தால், தாக்கப்பட்ட நுனியைக் காற்றுப் புகாத பையில் கட்டி, ஊர்ப் பெயரும் தேதியும் எழுதி, அன்றே பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ வட்டார வேளாண், தோட்டக்கலை அலுவலகத்திலோ கொடுங்கள். பையைத் திறந்தபடி எடுத்துச் செல்ல வேண்டாம்.

7. உற்பத்தியாளர் நிறுவனக் கூட்டத்தில், ஊருக்கு ஒருவரைப் பூச்சிக் கணக்கராக நியமித்துக்கொள்ளுங்கள். பத்து ஊர் நோட்டுகள் ஓராண்டுக்கு ஒழுங்காக இருந்தால், அவற்றை எடுத்துக்கொண்டு நிலைய விஞ்ஞானியிடம் செல்லலாம். அயல்நாட்டு விஞ்ஞானிக்கு அனுப்பும் முதல் கடிதத்தில் எழுத அவருக்குச் செய்தி கிடைக்கும். மதிப்பீட்டாளர் முன் வைக்க ஆதாரமும் கிடைக்கும்.

தாய்லாந்துக்கு வந்த குளவிகள் 500 மட்டுமே. அவை சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் சென்று சேர, இரு நாட்டிலும் ஒருவரை ஒருவர் அறிந்த விஞ்ஞானிகள் இருந்தனர். மூன்றாவது பூச்சி எது, எப்போது வரும் என்று இன்று எவராலும் சொல்ல இயலாது. அது வரும் நாளில் தருமபுரியில் ஓராண்டுக் கணக்கு நோட்டும், கையெழுத்தான கூட்டாளி ஒப்பந்தமும், நிரப்பி வைத்த அனுமதிப் படிவமும் தயாராக இருந்தால், இரண்டு வெள்ளாமை நட்டத்தை ஒன்றாகக் குறைக்கலாம்.